மகனைக் கேட்டுப் பெரியவரைக் கட்டினார்கள்

பழைய வேட்டியைப் பட்டைபட்டையாகக் கிழித்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து ஒரு பெரியவரின் இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டியிருந்தார்கள். முடிச்சு இறுகிய இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது. அதைத் தளர்த்திவிட்டதற்காக டாக்டரிடம் எனக்குத் திட்டு விழுந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி, தென்காசியில் நான் நர்ஸாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது இது. இத்தனை காலம் கழித்து நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பெரியவர் பண்பொழிக்காரர். நிலபுலன் உள்ள குடும்பம். அவருக்குப் பல வருஷமாக மூட்டுவாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் போதும், அவரை வில்வண்டியில் ஏற்றி ஐந்தருவிக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் எண்ணெய் தடவித் தண்ணீருக்கு அடியில் நிறுத்திவிடுவார்கள். முட்டிவலிக்கு அதுதான் மருந்து என்பது வீட்டார் நம்பிக்கை. அந்த வருஷம் குளித்து வந்த கையோடு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

வந்து சேருகிறவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்பது என் வேலை. என்ன சாப்பிடுவார், எப்படித் தூங்குவார், வலிக்கு வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா, பழக்கம் ஏதும் உண்டா. நான் கேட்டதெல்லாம் பெரியவரின் முகத்தைப் பார்த்து. பதில் வந்ததெல்லாம் மூத்த மகனின் வாயிலிருந்து. பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்டது, நாக்கும் விழுந்துவிடவில்லை. ஆனால் வயசானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும்போது அவர்கள் வாயை மட்டும் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும் என்று நம் ஊரில் யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போலும். பழக்கம் என்றதும் மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வெத்தல பாக்கத் தவிர எங்க வீட்டுல ஒரு பழக்கமும் கெடையாது நர்ஸம்மா. நான் யாருன்னு தெரியும்லா?"

தெரியாமல் என்ன? கள்ளுக்கடை மறியல் என்றால் மேஜைமேல் ஏறி நின்று முழங்குகிறவர். அவர் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டவர்களும் இருந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. பெரியவர் மகனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலை ஒட்டி நின்ற மருமகள், அந்த மகனின் மனைவி, தரையைப் பார்த்தாள்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. பெரியவர் மட்டும் மோசமானார். ஓயாத கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றியது. கை முழுவதும் ரோமம் சிலிர்த்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார், எழுந்து ஓடப் பார்த்தார். "மருமவளக் கூப்புடுங்க, மருமவளக் கூப்புடுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வயசானால் புத்தி பேதலிப்பது சகஜம் என்று டாக்டர் முடிவுகட்டிக் கையைக் கட்டச் சொன்னார். எதையோ வழக்கமாகச் சாப்பிட்டு, அது திடீரென்று நின்றுபோன உடம்பு மாதிரி இருக்கிறதே என்றேன்.

"மகனே இல்லைங்கும்போது உமக்கு என்ன சந்தேகம் சிஸ்டர்?" என்றார்.

தணியாவிட்டால் சென்னையில் இருக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாமா என்று டாக்டர் மகனிடமே கேட்டார். அப்போது அந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "உங்க இஷ்டப்படி செய்யுங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு பகலில் மருமகள் கஞ்சித் தூக்கோடு தனியாக வந்தாள். மாமனாரின் கையைக் கண்டதும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"ராத்திரி மாமாவுக்கு என்ன குடுப்ப தாயி?"

"வெல்லத்துக்குள்ள மொளகளவு அபினு வச்சுக் குடுப்பேன்க்கா. பல வருசமா நாந்தான் குடுக்கேன். இல்லன்னா வலி பொறுக்க மாட்டாக. வெளிய சொன்னா ஒன்னிய வீட்ட விட்டு அனுப்பிருவேன்னு அவுக சொல்லியிருக்காக. சொல்லிட்டேன். மாமா கட்ட அவுத்து விடுங்கக்கா."

ஆள் விட்டு அதை வாங்கிவரச் செய்வது அந்த மகன்தான் என்பதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. ஊரெல்லாம் கள்ளுப்பானை உடைக்கிறவர் வீட்டில் அபினி என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? அதற்காகப் பெற்ற தகப்பனைப் பைத்தியமாக்கச் சம்மதித்தார். பெரியவரும் அத்தனை வேதனையிலும் அபினி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் மகனின் மானத்தைக் காத்துக் கிடந்திருக்கிறார். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது. டாக்டர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

விஷயத்தை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அபினி கலந்த மருந்தை அவர் அளவாகக் கொடுத்தார். அன்று சாயங்காலமே பெரியவர் கையில் கட்டு இல்லாமல் தூங்கினார். அதன் பிறகு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். மகன் சொன்ன சொல் தவறாதவர். குடும்ப மானத்தை ஆஸ்பத்திரியில் விற்றுவிட்டாள் என்று, மனைவியைக் கடையநல்லூரில் அவள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

சமீபத்தில் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். பளபளவென்று தரை, எத்தனையோ மெஷின்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டையா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவருக்கு ராத்திரி தூக்கம் வருமா என்று நர்ஸ் பெண் அவர் மகனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கேளம்மா என்று சத்தம் போட்டுவிட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

பண்பொழிப் பெரியவரை அனுப்பிவைத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுக்குக் காத்திருந்த கூட்டம் நிறைய. மகனைத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். வில்வண்டி வந்து நின்றது.

"எம் மருமவள எங்கலே?" என்றார் பெரியவர்.

"அவ அம்மா வீட்டுல இருக்கா. நீங்க ஏறுங்கய்யா."

"அவளாப் போனாளா, நீ வெரட்டுனியா?"

மகன் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கய்யா, ஆளுக நிக்காக."

"நிக்கட்டும்லே, கேக்கட்டும். அபினு தின்னது நானு. வாங்கிக் குடுத்தது நீ. வீட்ட விட்டுப் போறது அவளா?"

கையைப் பிடிக்க வந்த மகனை உதறிவிட்டு, எங்கள் தோட்டியின் தோளைப் பற்றிக்கொண்டு வண்டியில் ஏறினார். "கடையநல்லூருக்கு விடுலே" என்றார் வண்டிக்காரனிடம். "அவ வீட்டுக்கு வந்தாத்தான் நானும் வருவேன்."

வண்டி போய்விட்டது. மகன் வாசலிலேயே நின்றார். அன்று அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.