அத்தை இறக்காத கேடயம்

செல்போன் இன்னும் எல்லோர் கைக்கும் வந்து சேராத, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் ஒன்று. வேலூரில் பிறந்து வளர்ந்த நான் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கணவர் விடியற்காலையில் சென்னை ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். பகல் முழுக்க வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். அவரை அத்தை என்று கூப்பிடுவேன். வாய் நிறையப் பேசுகிறவர். கோபம் வந்தால் இன்னும் நிறையப் பேசுவார். முருகனுக்கே கோபம் தணிந்த ஊரில் உங்கள் அம்மாவுக்கு மட்டும் ஏன் தணியவில்லை என்று கணவரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து, அத்தை வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்துப் பார்த்தால் எலும்பு கூடியிருந்தது, விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாள். இப்போது விட்டுவிட்டால் விரல்கள் அப்படியே நின்றுவிடும் என்றும் எச்சரித்தாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்தப் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். "பந்து வெச்சிகினு ஆட நான் என்ன பாப்பாவா?"

ஆனால் அவருக்கு உள்ளுக்குள் இருந்த வருத்தம் எனக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்து எடுக்க வரவில்லை. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். அதை யாரும் பார்க்கக் கூடாதென்று, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார். பொதட்டூர்பேட்டையில் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "பந்தியில போய் ஒக்காந்து பீச்சாங்கையால சாப்புடவா? நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். பிறந்த வீட்டுக் கல்யாணம். அதைச் சொன்ன அன்று வேறு எதுவுமே பேசவில்லை. அவர் பேசாத வீடு எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் வீடியோ கேம் வந்தது. பெங்களூரில் வேலை பார்த்த கொழுந்தனார் லீவுக்குக் கொண்டுவந்த பெட்டியை டிவி பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் இருந்த விளையாட்டைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பள்ளியில் படிக்கிற காலத்தில் நானும் தம்பியும் கேசட் போட்டு விளையாடிய அதே வரிசையின் புதிய பாகம்! எத்தனை பாகம் வந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஏதோ ஒரு குக்கிராமத்துப் பையன். கையில் வாள், முதுகில் கேடயம். காடு, மலை, பாழடைந்த கோயில் என்று சுற்றி, சாவி தேடி, புதிர் அவிழ்த்து, பூதங்களை வெட்டி, இருண்டு கிடக்கும் நாட்டுக்கு வெளிச்சம் கொண்டுவர வேண்டும். வெட்டுவதில் பாதி, யோசிப்பதில் பாதி. யோசிக்கிற பாதிக்காகத்தான் நான் அதற்கு அடிமை.

மத்தியானம் அத்தை தூங்கும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு விளையாடுவேன். ஒரு நாள் என் வீரன் ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தாண்ட படி இருக்குது பாரு. கண்ணு எங்க வெச்சிகினு இருக்க?"

பார்த்தேன். இருந்தது! கல்யாணமாகி வந்ததிலிருந்து அத்தை சொன்னதை நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். மூன்றாம் நாள், "உனுக்கு அவசரம் ஜாஸ்தி, இப்பிடிக் குடு" என்று என் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார்.

நடப்பதற்கு இடது கட்டைவிரல் போதும். வாளை வீச வலது கட்டைவிரல் வேண்டும். கேடயத்தைத் தூக்கிப் பிடிக்க, வலது ஆள்காட்டி விரலால் ஒரு பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அத்தையின் விரல் அந்தப் பொத்தானைத் தொட்டுவிட்டு நழுவும். வீரன் அடி வாங்கிச் சுருண்டு விழுவான். "ஐயோ, நைனா!" என்று தன் பிள்ளை விழுந்த மாதிரி பதறுவார். பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற அந்த நைனாவே, பெயரில்லாத வீரனுக்கு எங்கள் வீட்டில் பெயராகிவிட்டது. அவன் அடி வாங்கக் கூடாது என்பதற்காகவே, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரலை மடக்கப் பழகினார்.

அவர் விளையாடும் அழகைச் சொல்லி மாளாது. காசு கிடைக்க வேண்டுமென்றால் வீடு வீடாகப் புகுந்து பானைகளை உடைக்க வேண்டும். "ஊரான் வூட்டு சாமானை ஒடைக்கிறது ஒரு பொழப்பா?" என்று மறுத்து, வறுமையிலேயே பயணத்தை நடத்தினார். கிருத்திகை அன்று வெட்டு குத்து கிடையாது. நைனா ஊரைச் சுற்றிப் பார்ப்பதோடு சரி. கோயிலுக்குள் அவன் பூட்ஸோடு போவதைப் பார்த்து, கழற்ற ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். உடற்பயிற்சிப் பெண் விரல்களைப் பிடித்துப் பார்த்து, பந்து நன்றாக வேலை செய்கிறதே என்று பாராட்டினாள். பந்து கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது. அத்தை என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். இருந்தாலும் கை முழுதாக மூடவில்லை. உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கிற இடம் மிச்சமிருந்தது.

அப்போதுதான் அந்த வட்டக் கோயிலில் மாட்டிக்கொண்டோம். நடுவில் ஒரு பெரிய கல் சிலை, அதைச் சுற்றிப் பிராகாரம் மாதிரி ஒரு பாதை, சுவரெல்லாம் அணைந்த விளக்குகள். இரண்டு பக்கமும் அம்புகள் பாயும். கேடயத்தை ஒரு நொடிகூட இறக்க முடியாது. சுற்றினோம், சுற்றினோம், சுற்றிக்கொண்டே இருந்தோம். ஒரு விளக்குகூட எரியவில்லை. இந்தப் பாகத்தை ஏற்கெனவே விளையாடி முடித்திருந்த தம்பிக்குத் தெருமுனை பூத்திலிருந்து போன் போட்டேன்.

"சும்மா ஒரு தபா சுத்தி வந்தா தொறந்துடுமேக்கா! இதுல என்ன கஷ்டம்?" என்று சிரித்தான்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. கோயில் என்று கண்ணில் பட்டதுமே நாங்கள் இரண்டு பேரும் யோசிக்காமல் இடது கைப்பக்கம் திரும்பி, சிலை வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரிதான் நைனாவை நடக்க வைத்திருக்கிறோம். வலம் வந்திருக்கிறோம்! எதிர்ப் பக்கமாகவும் சுற்றலாம் என்று எங்கள் புத்திக்குத் தோன்றவே இல்லை. ஓடி வந்து சொன்னேன். அத்தையின் முகம் மாறிவிட்டது.

"அப்பிரதட்சணமா? கோயில்லயா? நான் மாட்டேன்."

"அத்தை, அது பொம்மைக் கோயிலு."

"நடு எடத்துல ஒருத்தரு நிக்கிறாரு இல்ல? யாராயிருந்தா இன்னா?"

நான் சுற்றட்டுமா என்றேன். நைனாவை அந்தப் பாவத்தைச் செய்ய வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தோடு விளையாட்டு நின்றது. ஒரு வாரம் ஆனது. கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துத் துடைத்து அவர் பக்கத்தில் வைத்தேன், தொடவில்லை. ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பு அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல்கள் திரும்பவும் விறைத்துக்கொண்டு வருகின்றன என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கல்யாணமும் நெருங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் அந்தப் பெட்டியைக் கொண்டுவராமலே இருந்திருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் பிரதோஷம். சாயங்காலம் அத்தையோடு ஊருக்குள் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போனேன். நந்திக்கு அபிஷேகம் முடிந்து கூட்டம் சுற்ற ஆரம்பித்தது. பிரதோஷத்தன்று மட்டும் சிவன் கோயிலில் சுற்றுகிற முறையே வேறு. நந்தியிடமிருந்து முதலில் அப்பிரதட்சிணமாகச் சண்டிகேசுவரர் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் வலமாக, அபிஷேகத் தண்ணீர் வெளியே விழுகிற கோமுகி வரைக்கும். அதைத் தாண்டாமல் வந்த வழியே திரும்ப வேண்டும். வருடக்கணக்காகச் சுற்றிய பழக்கத்தில் அத்தை விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பத்தடி போனதும் சட்டென்று நின்றார். பின்னால் வந்த அம்மா ஒருவர் இவர் மேல் மோதிக்கொண்டார். அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அத்தை மாட்டேன் என்ற அந்த எதிர்ப் பக்கமாகத்தான் நடந்துகொண்டிருந்தோம்!

"ஏம்மா," என்றார் மெதுவாக, "நைனாவுக்கும் இன்னிக்குப் பிரதோஷம்தானே?"

எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த வில்வம் கொட்டிப்போனது. சுற்றை முறைப்படி முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஆட்டோ பிடித்தோம். "சீக்கிரம் போப்பா, பிரதோஷம் முடிஞ்சிடும்" என்று அத்தை விரட்டினார். கோயிலை விட்டு ஓடிவந்துகொண்டே பிரதோஷம் முடியப்போகிறது என்கிறாரே என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு மாதிரி பார்த்தார்.

நெற்றித் திருநீறு கலையாமல் டிவி முன்னால் உட்கார்ந்தார். நைனா வலது கைப்பக்கம் திரும்பினான். முதல் விளக்கு குப்பென்று எரிந்தது. நான் கத்தியேவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகப் பற்றிக்கொண்டு வந்தன. கால் சுற்று போனதும் அத்தை நைனாவை நிறுத்திவிட்டார்.

"சண்டிகேசுவரர் வரைக்கும்தான் போலாம். இங்க அவரு எங்க இருக்காரு?"

"இங்க அவரு இல்ல அத்தை."

"கோமுகி?"

"அதுவும் இல்ல."

அம்புகள் கேடயத்தில் வந்து டங் டங்கென்று மோதிக்கொண்டிருந்தன. அத்தை ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப தாண்டக் கூடாததுன்னு ஒன்னுமில்ல. வா நைனா, போலாம்."

போனார். அரைச் சுற்று, முக்கால் சுற்று. ஒரு வாரமாக விறைத்திருந்த விரல், கேடயப் பொத்தானை விடவே இல்லை. அவருக்கு வேர்த்து வழிந்தது. கடைசி விளக்கு எரிந்ததும் நடுவிலிருந்த சிலை விலகி, கீழேயிருந்து வெளிச்சம் பொங்கி வந்தது. "அரோகரா!" என்று அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா என்னவோ ஏதோவென்று வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். கையிலிருந்ததை மடியில் போட்டுவிட்டு, சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து உலுக்கினார் அத்தை.

"ஐயோ, வலிக்குது அத்தை!"

அத்தை உலுக்குவதை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். வலது கை. என் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரலும் மூடியிருந்தன.

"நெசமா வலிக்குதா?"

"ஆங் அத்தை, நெசமாத்தான் வலிக்குது."

"இப்ப?" என்று இன்னும் இறுக்கினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "இப்ப?"

பொதட்டூர்பேட்டைக் கல்யாணத்தில் முதல் பந்தியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நடுவில் போய் உட்கார்ந்து, பாயசத்தை அப்பளத்தோடு பிசைந்து சாப்பிட்டார். பிறகு எத்தனையோ பாகங்கள் வந்துவிட்டன, என் மகளோடு சேர்ந்து நானும் விளையாடுகிறேன். எந்த ராட்சசனை வீழ்த்தினாலும் அன்றைக்கு வந்த சந்தோஷம் வருவதில்லை. அத்தை என் கையை வலிக்க வலிக்கப் பிடித்த அந்த நேரத்தில்தான் இந்த வீடு என் வீடென்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.