வேலிக்குள் தொலைந்த கணவர்கள்

ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில், கூட்டிப்போவது பெரிய வித்தையில்லை. தலை எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவருவதற்குள்தான் உயிர் போகும். கனடாவில், மொன்றியல் நகரின் வில்லரே பகுதியில் உள்ள ஒரு பயண அலுவலகத்துக்காக அந்த ஊர்த் தமிழர்களை ஆண்டுதோறும் இத்தாலிக்கு அழைத்துப் போகிறேன். பத்துப் பேரையாவது கட்டி மேய்த்த அனுபவம் உள்ளவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

படம் காட்டிய அன்று

பயணத்துக்கு முன் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரவழைத்து, பார்க்கப்போகும் இடங்களைத் திரையில் காட்டுவேன். இந்த முறை பாதுவா அந்தோனியார் கோயில் வந்ததும் சைவர்களும் சேர்ந்தே கும்பிட்டார்கள். அடுத்து, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பழைய மாளிகையும் அதன் தோட்டத்துச் சுற்றுவழியும். ஆள் உயரத்துக்கும் மேலான செடிவேலிகள், நடுவே வளைந்து வளைந்து ஆளைக் குழப்பும் பாதைகள், மத்தியில் ஒரு சின்னக் கோபுரம். பல நூறு வருஷப் பழசு என்று நான் பெருமையாகச் சொல்லி முடிக்கவில்லை, புறநகர் கர்க்லாண்டிலிருந்து வந்திருந்த நடராசா அண்ணை கையை உயர்த்தினார்.

"தம்பி, என்ர வீட்டைச் சுத்தியும் வேலிதான். கோடை முழுக்க அதைத்தான் வெட்டிக்கொண்டு நிக்கிறன். இன்னொருத்தன்ர வேலியைப் பாக்கவோ பிளேன் ஏறுறது?"

மாளிகைக்குள்

நூற்றுக்கு மேல் அறைகள். பெரிய மண்டபத்தின் கூரை முழுக்க ஓவியம். யார் வரைந்தது, எந்தக் குடும்பம் கட்டியது, எந்த அரசர் எந்தக் கட்டிலில் படுத்தார் என்று ஒரு வாரம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஒருவராவது அண்ணாந்து பார்க்க வேண்டுமே! கூட்டம் முழுக்கச் சன்னலோரம் நின்று, வாசலிலிருந்து தோட்டத்தின் கடைசிவரை நீளும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரி, தோட்டத்தைப் பற்றியாவது கேட்கப்போகிறார்கள் என்று ஆசையாய்க் கிட்டப் போனேன். நடராசா அண்ணையின் மனைவி யோகம் அக்கா கவலையோடு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவ்வளவு நீளத்துக்கும் ஸ்நோ ஆர் தள்ளுறது?"

இஞ்சாருங்கோ

சுற்றுவழிக்குள் ஒன்றாகவே போங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். ஐந்தே நிமிஷத்தில் ஆளுக்கொரு மூலை. வழி தனக்குத் தெரியும் என்று ஒவ்வொரு கணவரும் மனைவியை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். நான் மூச்சு வாங்கக் கோபுரத்தில் ஏறி, தொலைந்தவர்களுக்கு மேலிருந்து வழி சொல்லும் இத்தாலியக் காவலரின் பக்கத்தில் நின்றேன். கீழே எங்கிருந்தோ ஒரு பெண்குரல்: "இஞ்சாருங்கோ!"

யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறையில் மனைவி கணவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லாக் கணவருக்கும் 'இங்கே பாருங்கள்' என்ற இந்த ஒரே அழைப்புதான். திருச்சிக்காரனான எனக்கு அதன் வலிமை அன்றுதான் தெரிந்தது. ஏழு மூலையிலிருந்து ஏழு பேர் "ஓம், வாறன்!" என்று குரல் வந்த பக்கம் திரும்பினார்கள். அதுவரை சரியான பாதையில் வந்துகொண்டிருந்தவரும் சேர்த்துத்தான். காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே பெயரா?"

யோகம் அக்கா

ஒருவழியாக எல்லோரும் வெளியே வந்து சேர்ந்தார்கள், நடராசா அண்ணையைத் தவிர. மத்தியான வெயில் கொளுத்தியது, கோபுரத்துக் காவலரும் சாப்பிடப் போயிருந்தார். அப்போதுதான் யோகம் அக்கா கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே அண்ணைக்கான ஜூஸும் பிஸ்கட்டும். "அவருக்குச் சீனி வருத்தம், தம்பி. ஊசி போட்டவர், இன்னும் சாப்பிடேல்லை. மயங்கி விழுந்திடுவார்." சர்க்கரை நோய் என்று படிவத்தில் எழுதியிருக்கக் கூடாதா? கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

தொண்டை கிழிய "நடராசா அண்ணை!" என்று கத்தினேன். பதில் இல்லை. காலையிலிருந்து பஸ்ஸுக்கு வாங்க, பஸ்ஸுக்கு வாங்க என்று கத்திக் கத்தி, என் குரலுக்கு ஏற்கெனவே மதிப்புப் போயிருந்தது. அக்கா "இஞ்சாருங்கோ!" என்றார். வெளியே நின்ற ஆறு கணவர்களும் திரும்பிப் பார்த்தார்கள், உள்ளேயிருந்து மட்டும் சத்தமில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க அக்கா," என்று கெஞ்சினேன்.

"ஐயோ, நாப்பது வருசத்தில ஒருக்காலும் சொன்னதில்லை."

பிறகு பையை இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நடராசா!"

உள்ளே சடசடவென்று கிளைகள் முறிந்தன. வளைந்த பாதையை விட்டுவிட்டு, வேலியைப் பிளந்துகொண்டு நேரே ஓடிவந்தார் அண்ணை. சட்டை கிழிந்திருந்தது, முகமெல்லாம் வியர்வை. அக்கா ஜூஸை அவர் வாயில் வைத்தார். பாதி குடித்ததும் அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"பேர் சொல்லிக் கத்தினோடன, உனக்குத்தான் ஏதோ நடந்திட்டுதெண்டு நினைச்சன்."

அவர்கள் இருவரும் பஸ்ஸின் பின் சீட்டில் ஒரே பிஸ்கட்டைப் பிட்டுத் தின்றுகொண்டு வர, பல நூறு வருஷ வேலியில் விழுந்த ஓட்டைக்கு முன் சீட்டில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு வந்ததுதான், இந்தத் தொழிலில் நான் கண்ட இத்தாலி.