மூன்று முழப் பியானோ

இசைக்கருவிக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டும் கச்சேரியுமாகப் பொழுது போகும் என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு சனிக்கிழமை என் இடத்தில் வந்து நின்று பார்க்கட்டும். ஒரு மூலையில் ஒருவர் கிடார் தந்தியை அறுந்துபோகிற அளவுக்கு இழுப்பார். இன்னொரு மூலையில் யார் வீட்டுக் குழந்தையோ டிரம்மைப் போட்டு மொத்திக்கொண்டிருக்கும். நடுவில் நான் ஒருத்தி, "இதுல எது நல்லது, எது மலிவு?" என்ற கேள்விக்குத் தொண்டை வறளப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் பாத்திரக்கடையிலும் கால் கடுக்க நிற்கும் உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

திண்டுக்கல்லில், பூமார்க்கெட்டுக்குப் போகிற வழியில் எங்கள் கடை. பதினோரு வருடமாகக் கீபோர்டும் டிஜிட்டல் பியானோவும் விற்கிறேன். ஒரு உண்மையை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வாசிக்கத் தெரியாது.

டெமோ பட்டன்

வாசிக்கத் தெரியாதவள் எப்படி விற்கிறாள் என்று கேட்பீர்கள். எல்லாக் கருவியிலும் டெமோ என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் அதுவே அருமையாக வாசிக்கும். நான் இரண்டு கையையும் கட்டைகளுக்கு மேலே பட்டும் படாமலும் ஓட்டிக்கொண்டே தலையை ஆட்டுவேன். பார்ப்பவர்கள் சொக்கிப்போவார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, பட்டனை அழுத்தியது நான்தானே என்று என் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

வடமதுரையிலிருந்து ஒருவர் மகளுக்காக ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாங்கிப் போனார். செவ்வாய்க்கிழமை பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். நான் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. "இதுல என்னண்ணே கோளாறு?" என்றேன். அவர் கோபமே இல்லாமல், மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்: "நீங்க தொட்டா அம்புட்டுப் பாட்டு பாடுது தாயி. எங்க வீட்டுல தொட்டா மொறைச்சுக்கிட்டு நிக்கிது."

சத்தம் வராத சாமான்

வத்தலக்குண்டிலிருந்து ஒரு அம்மா மருமகளோடு வந்திருந்தார். மருமகளுக்குத்தான் ஆசை. மாமியார், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் என் சரக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். கடைசியாக, என் பிரம்மாஸ்திரம் என்று நான் நினைத்திருந்த ஹெட்போனை எடுத்தேன். இதை மாட்டிக்கொண்டால் வாசிக்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும், பக்கத்து அறைக்குக்கூடச் சத்தம் போகாது என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தமே வெளிய வராதுன்னா இதுக்கு எதுக்கு இம்புட்டு ரூவா? சத்தம் போடாம கெடக்குறதுக்கு எங்க வீட்டுல ஆட்டுக்கல்லே கெடக்கு."

வாழைநார்

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். பால்ராஜ் அண்ணன் அப்போதுதான் முதன்முதலாக வந்தார். ஆத்தூர்ப் பக்கம் சம்பங்கித் தோட்டம் வைத்திருப்பவர். விடியலில் மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு, மீதியைக் கட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முழம் போட்டு விற்பவர். தோளில் ஈரத்துண்டு, கையில் ஒரு வாழைநார். நாரை என்னிடம் நீட்டி, "இந்த நீளத்துக்கு ஒரு பியானோ வேணும் தாயி. ரெண்டு முழம், ரெண்டு விரக்கடை. வெலை ரொம்ப ஏறிறக்கூடாது" என்றார். வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடமாம் அது. பியானோவை முழக்கணக்கில் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவர் மனைவி ஜெயசீலி படித்த கான்வென்ட் விடுதியில் ஒரு பியானோ இருந்ததாம். காலை செபத்துக்கு அவர்தான் வாசிப்பாராம். கல்யாணமாகி ஆத்தூர் வந்த பிறகு இருபத்திரண்டு வருடம் பூக்கட்டிய கை அது. ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. இப்போது காது மங்கிக்கொண்டு வருகிறது. கீச்சென்ற உச்சமான சத்தங்கள் முதலில் போகும், மற்றவை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு கேட்க மிஷின் வைத்துக்கொள்ளலாம், பாட்டு பழையபடி கேட்கும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றாராம்.

நாரை வைத்துப் பார்த்தேன். அறுபத்தொரு கட்டை உள்ள சின்னக் கீபோர்டு கச்சிதமாகப் பொருந்தியது. விலையும் கைக்கு அடக்கம், தூக்கினால் பூக்கூடை கனம்கூட இல்லை. ஆனாலும் அடுத்தவர் கைக்கு நாம் கருவி வாங்கக்கூடாது, அக்காவைக் கூட்டி வாருங்கள் என்றேன். அவர் நாரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "குக்கரு ஆறு விசிலு அடிச்சும் அவ எந்திரிக்கல தாயி. சோறு கரிஞ்சா கரியட்டும். கேக்கும்போதே அவ வாசிச்சுறணும்."

பழக்க தோஷம்

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். ஜெயசீலி அக்கா சின்ன உருவம், கொண்டையில் சம்பங்கி, விரல் நுனியில் நாரின் கறை. கடைக்குள் வந்ததிலிருந்து கருவிகளைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு உச்சத்துச் சத்தம் கேட்காது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் என் கை என்ன செய்தது தெரியுமா? நேராகப் போய் டெமோ பட்டனை அழுத்தியது.

அந்த டெமோவோ முழுக்க முழுக்க வலதுகைப் பக்கம், உச்சத்திலேயே சலங்கை கட்டி ஓடும். நானும் வழக்கம்போலக் கையை ஓட்டித் தலையை ஆட்டினேன். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டி வைத்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் என் மனம் நோகக்கூடாது என்பது போலச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கை அழகா ஓடுது தங்கச்சி. பாட்டுத்தான் எனக்கு அங்கங்க அந்து அந்து வருது."

ஆரஞ்சுப் பொட்டு

வெட்கத்தில் கையை எடுத்துவிட்டேன். கை எடுத்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓரக் கட்டையைத் தொட்டு, விரலில் பட்ட அதிர்வை வைத்தே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு அவர் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான். டெமோவை நிறுத்திவிட்டு அவரை உட்காரவைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார். அதற்கு அடுத்ததை இரண்டு முறை அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியாகத் தெளிவாகக் கேட்ட கட்டையில், விலை எழுதும் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒன்றைப் பொட்டுப்போல ஒட்டினேன். சின்னக் கீபோர்டில் இடது ஓரத்துக்கும் அந்தப் பொட்டுக்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான். எல்லாச் சத்தத்தையும் கீழ்ச்சுருதிக்கு இறக்குகிற பட்டனையும் போட்டுக் காட்டினேன். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் கீழ்ச்சத்தம் தகர டப்பாவில் புளியங்கொட்டையை உருட்டுகிற மாதிரி வந்தது.

சுவரோரம் எண்பத்தெட்டுக் கட்டை உள்ள பியானோ ஒன்று, காட்சிக்கென்று ரொம்ப நாளாக நின்றிருந்தது. கட்டைகள் கொஞ்சம் கனமானவை, சத்தமும் ஆழமானது. அதில் அக்காவை உட்காரவைத்து, அதே கட்டையில் பொட்டையும் ஒட்டினேன். இப்போது பொட்டுக்கு இந்தப் பக்கம் தாராளமாக இடம் இருந்தது. அவர் விடுதிக்காலத்துச் செபப்பாட்டை, இருக்க வேண்டிய இடத்தைவிட நன்றாகக் கீழே இறக்கி, மெதுவாக வாசித்தார். இரண்டு இடத்தில் தப்பினார். திரும்பப் போய்த் திருத்திக்கொண்டு வந்தார். பால்ராஜ் அண்ணன் தெருப்பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பதினோரு வருடத்தில் அந்தப் பியானோவை ஒருவர் உண்மையாக வாசித்து அன்றுதான் கேட்டேன்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் மடியிலிருந்து வாழைநாரை எடுத்துப் பியானோவின் மேல் வைத்தார். கிட்டத்தட்ட ஒரு முழம் குறைந்தது. நாரைப் பார்த்ததும் அக்கா சட்டென்று எழுந்துவிட்டார். "சின்னதே போதும் தங்கச்சி. ஒரு பாட்டுக்காக வீட்டையா இடிக்க முடியும்?"

விற்பனைக்கு அல்ல

இரண்டில் எதையும் வாங்காமல், வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். வருகிறேன் என்று சொல்லிப் போகிறவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. காட்சிக்கு வைத்து மூலை தேய்ந்த சாமானுக்குப் புது விலை சொன்னால் நியாயமா என்று முதலாளியிடம் சண்டை பிடித்தேன். மூன்று நாள் நச்சரித்த பிறகு, சின்னக் கீபோர்டின் விலைக்கு மேல் கொஞ்சம் வந்தால் போதும் என்று இறங்கி வந்தார்.

புதன்கிழமை ஒரு வாடிக்கையாளர் வந்து, சரியாக அந்தப் பியானோவின் முன்னால் நின்று, இதுதான் வேண்டும் என்றார். நான் கூசாமல், "அது விக்கிறதுக்கில்ல சார், உள்ள கோளாறு" என்று சொல்லிவிட்டேன். கோளாறு எனக்குள்தான் இருந்தது. அவர் போனதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பதினோரு வருசத்துல நீ விக்கிறதுக்கில்லன்னு ஆள அனுப்புறத இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்."

வாங்குகிறவர் முழம்

வியாழக்கிழமை பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. முதலாளி என் பக்கம் பார்க்கும்போதெல்லாம் நான் துடைத்த கிடாரையே துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி வாக்கில் அண்ணன் வந்தார். கையில் புது நார், நீளமான நார். "மூணு முழம் இருக்கு தாயி" என்றார். பூக்காரர் முழம் எவ்வளவு குட்டை என்று ஊருக்கே தெரியும், இது யார் முழம் அண்ணே என்று கேட்டேன். "இது வாங்குறவுக முழம் தாயி, விக்கிறவுக முழமில்ல" என்றார். வைத்துப் பார்த்தேன். பியானோ போக இரண்டு விரல் மிச்சம் இருந்தது.

பீரோ எங்கே போனது என்று கேட்டேன். அது அக்காவுக்குத் தாய்வீட்டில் கொடுத்த பீரோவாம். "மாட்டுக் கொட்டாய்க்குப் போயிருச்சு. மாடு என்ன, தெறந்தா பாக்கப்போகுது?" என்றார். அக்கா இரண்டு நாள் சண்டை போட்டு, மூன்றாம் நாள் தானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினாராம். நான் பியானோவைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது, அந்த ஆரஞ்சு ஸ்டிக்கரை உரிக்க நகத்தை வைத்தேன். அண்ணன் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். "பொட்ட எடுத்துறாதீக தாயி. எதுவரைக்கும் அவ எல்லைன்னு எனக்குத் தெரியணும்ல."

ஸ்டாண்டு வாங்க வந்தவர்

அதற்குப் பிறகு பல மாதம் அவரைப் பார்க்கவில்லை. ஒருநாள் பியானோ ஸ்டாண்டு வேண்டும் என்று வந்து நின்றார். அதுவரை இரண்டு பூக்கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல்தான் வைத்திருந்தார்களாம். ஸ்டாண்டை விரித்துக் காட்டினேன், மடக்கிக் காட்டினேன், திருகாணியை இறுக்கிக் காட்டினேன். கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது. கடைசியில், அவர் ஸ்டாண்டைத் தோளில் வைத்துக்கொண்ட பிறகு, அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

அவர் வாசற்படியில் நின்றார். "பொட்டு ரெண்டு கட்டை கீழ எறங்கிருச்சு தாயி. அவளே பிச்சு, அவளே ஒட்டிக்கிட்டா. பாட்டையும் கூடவே எறக்கிக்கிட்டா."

டெமோ பட்டன் எல்லாக் கருவியிலும் இன்னமும் இருக்கிறது என்றாலும், வாங்க வந்தவர் முதல் கட்டையைத் தொடும்வரை என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன் பாருங்கள், பதினோரு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட சங்கீதம் அவ்வளவுதான்.