நம் லிமிட்டுக்கு வராத பிணம்

1. வெள்ளிக்கிழமை வந்த கம்ப்ளெயிண்ட்

என் இருபத்தாறு வருஷ போலீஸ் சர்வீஸில், ஆள் காணவில்லை என்று நான் எழுதிக்கொண்ட கம்ப்ளெயிண்டுகள் பத்தொன்பது. பதினாறு பேர் கிடைத்துவிட்டார்கள். மூன்று பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த மூன்றில் இரண்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. இப்போது என்னைப்போல் ஸ்டேஷன் ரைட்டராக வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். இது ஐந்தாவது தாள், முதல் நான்கையும் கிழித்துவிட்டேன்.

மேட்டூர் அணை கட்டி முடித்த புதிது. எங்கள் ஸ்டேஷன் காவேரிக்குக் கிழக்கே, ஜேடர்பாளையத்திலிருந்து ஐந்து மைல். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாவாயி என்ற பெண் வந்தாள். ஆற்றோரக் கிராமத்தில் நூலுக்குச் சாயம் போடும் குடும்பம். புருஷன் பெயர் அர்த்தநாரி. திங்கட்கிழமை அக்கரையில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்பினவன், புதன்கிழமைக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வரவில்லை.

அடையாளக் குறிப்பு கேட்டேன். உயரம், நிறம், வேட்டி, எல்லாம் சொல்லிவிட்டு, "கை ரெண்டும் மணிக்கட்டு வரைக்கும் நீலமா இருக்குமுங்க. என்ன தேச்சாலும் போகாதுங்க" என்றாள். தன் கையையும் நீட்டிக் காட்டினாள். அதுவும் அப்படித்தான் இருந்தது. நான் எழுதிக்கொண்டேன்.

பரிசல்காரனை விசாரித்தோம். அவனை ஏற்றவே இல்லை என்றான். தங்கை வீட்டில் விசாரித்தோம். வரவே இல்லை என்றார்கள். ஆற்றில் இறங்கி நடந்தானா, யாராவது அடித்துப் போட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. பதினான்கு ஸ்டேஷன்களுக்கு நோட்டீஸ் எழுதினேன். பதினான்கிலிருந்தும் 'தகவல் இல்லை' என்று பதில் வந்தது. பதில்களை எண்ணி, நூல் கோத்துக் கட்டி வைத்தேன். என் வேலையை ஒழுங்காகச் செய்ததாகவே நினைத்தேன்.

2. ஆற்றங்கரை வழக்கம்

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கரை சேலம் ஜில்லா. எதிர்க்கரை கோயம்புத்தூர் ஜில்லா. ஆற்றில் பிணம் வந்தால் எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ அந்த ஸ்டேஷன்தான் இன்க்வெஸ்ட் என்ற சாவு விசாரணையை நடத்த வேண்டும். பஞ்சாயத்தார் ஐந்து பேரைக் கூட்ட வேண்டும். பிணத்தைக் கட்டை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டிக்காரன் கிடைக்க மாட்டான். கிடைத்தால் மாடு மிரளும். இரண்டு நாள் நாற்றத்தோடு போகும்.

ஆகவே கிராமத்துத் தலையாரி வந்து பிணம் என்று சொன்னால் ரைட்டர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எந்தக் கரை? கரையில் ஒதுங்கவில்லை, நடு ஆற்றுப் பாறையில் மாட்டியிருக்கிறது என்றால் ரைட்டர் சொல்லும் பதிலும் ஒன்றே: "அப்படின்னா இன்னும் நம்ம லிமிட்டுக்கு வரலை." அவ்வளவுதான் பேச்சு. தலையாரி போய் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு பரிசலில் ஏறுவான். ஸ்டேஷனின் அன்றாடக் குறிப்பேடான ஜெனரல் டைரியில் ஒரு வரியும் இருக்காது. எனக்கு முன்னால் இருந்த ரைட்டரும் அதைத்தான் சொன்னார். எதிர்க்கரை ரைட்டரும் அதைத்தான் சொன்னார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டு கரைக்கும் நடுவே எத்தனை பிணங்கள் இப்படித் தள்ளிவிடப்பட்டன என்று எண்ணிப் பார்க்க முயன்றிருக்கிறேன். நான் மட்டும் அந்த வாக்கியத்தைப் பதினொரு தடவை சொல்லியிருக்கிறேன்.

3. மாரப்பன் சொன்னது

பாவாயி ஒவ்வொரு சந்தை நாளும் வருவாள். பிறகு மாதம் ஒருமுறை வந்தாள். மொத்தம் நாற்பத்தொரு தடவை. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். வாசற்படிக்கு வெளியே நின்று, "ஏனுங் சாமி, சேதி ஏதாச்சும்?" என்று கேட்பாள். இல்லை என்பேன். போய்விடுவாள்.

அவள் நிலைமையை ஹெட் கான்ஸ்டபிள் மூலம் அறிந்தேன். கொழுந்தனார் பழனியப்பன், தன் அண்ணன் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிப்போய்விட்டான், இவள் வாய் தாங்காமல்தான் ஓடினான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அப்பன் ஓடிப்போன வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மூத்த மகளுக்குப் பேசியிருந்த இடத்தில் தாம்பூலத்தைத் திருப்பிவிட்டார்கள். செத்தான் என்று காரியம் செய்யவும் முடியாது, இருக்கிறான் என்று பூ வைத்துக்கொண்டு போனால் பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு புதிய சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஆற்றில் எது வந்தாலும் கரைக்கு இழுத்து ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவைக் கேட்க வந்த தலையாரிகளில் ஜேடர்பாளையம் பக்கத்து மாரப்பனும் ஒருவன். எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் என் மேஜைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து புலம்பினான்.

"இத்தன நாளு தள்ளச் சொன்னீங்க, தள்ளுனோம். இப்ப இழுக்கச் சொல்றீங்க. இழுத்தா ஆரு தொடறதுங்க? அன்னிக்கு அந்தச் சாயக்காரன் பொணத்தத் தள்ளுனப்பவே மூணு நாளு சோறு எறங்கலீங்க."

எந்தச் சாயக்காரன் என்றேன்.

"அதானுங்க, நட்ட நடு ஆத்துப் பாறையில குப்புறக் கெடந்துதுன்னு வந்து சொன்னேனே. ஆடி மாசம், ஒரு புதங்கெழமை. கை ரெண்டும் நீலமா இருந்துச்சுங்க. மேக்க பவானிப் பக்கத்து ஆளு, மெதந்து வந்துட்டான்னு நெனச்சேன்."

"ஏன்யா சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே சாமி" என்றான்.

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். ஜெனரல் டைரியைப் புரட்டினேன். பாவாயி வந்தது வெள்ளி. அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமைப் பக்கத்தில், மாரப்பன் வந்ததாக ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் அவன் வந்தது எனக்கு நினைவு வந்துவிட்டது. அன்று காலை நான் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. பதினான்கு ஸ்டேஷன்களுக்கு நோட்டீஸ் எழுதியவன் ஐந்து மைல் தள்ளியிருந்த இந்தத் தலையாரியைக் கேட்கவில்லை. நீலக் கை என்று என் கையாலேயே எழுதியபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர், "எழுதினீர்னா உம்ம வேலை போகும். எழுதாட்டி கேஸ் இப்படியே கெடக்கும். நீரே பாத்துக்கும்" என்றார். ஆறு நாள் எனக்குத் தூக்கமில்லை. ஏழாம் நாள் அந்தக் கிராமத்துக்கு நடந்தேன்.

4. சாயத் தொட்டி வீடு

பாவாயி நீலத் தொட்டியில் நூல் சிட்டத்தை முக்கிக்கொண்டிருந்தாள். மகள் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இருவரும் எழுந்துவிட்டார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பாவாயி அழவில்லை. என்ன கிழமை என்று மட்டும் கேட்டாள். புதன் என்றேன்.

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நானு அந்தத் தொறையிலதாங்க நூலு அலசிக்கிட்டு இருந்தேன். தலையாரி பரிசல்ல கழிய வெச்சு என்னுத்தையோ நெம்பிக்கிட்டு இருந்தாரு. என்னங்கண்ணா அதுன்னு சத்தம் போட்டுக் கேட்டேன். ஒண்ணுமில்ல ஆத்தா, செத்த மாடுன்னாரு. அது போறதப் பாத்துக்கிட்டே நின்னேனுங்க" என்றாள்.

மகள் கையிலிருந்த நூலிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் எண்ணாமல் நின்றது என் வாழ்க்கையில் அந்தச் சில நிமிஷம்தான்.

பிறகு பாவாயி கையைக்கூடத் துடைக்காமல் என்னைக் கொழுந்தனார் வீட்டுக்கு அழைத்துப் போனாள். உறவுக்காரர்கள் எட்டுப் பேர் கூடினார்கள். மறுபடியும் சொன்னேன். பழனியப்பன் மரியாதையாகத்தான் கேட்டான்:

"சரிங்க ரைட்டரய்யா. பொணம் எங்கீங்க?"

எதிர்க்கரையிலும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நீங்கள் தள்ளியதை நாங்களும் தள்ளினோம், கடலுக்கே போயிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள். மாரப்பனையும் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்திருந்தேன். வேலை போய்விடும் என்று வர மறுத்துவிட்டான். பழனியப்பன் கையை விரித்தான். வாய்ப் பேச்சை நம்பி அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் எப்படி இறைப்பது, நாளைக்கு அவன் திரும்பி வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டான். மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

அப்போது பாவாயி என் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக் குடுங்க சாமி. நாப்பது தடவ வந்தேன், நான் வந்து போனதையெல்லாம் எழுதுனீங்களே. இதையும் எழுதிக் குடுங்க."

நாற்பத்தொன்று என்று திருத்த வாய் எடுத்தேன். நல்லவேளை, திருத்தவில்லை.

உள்ளே இருந்து ஒரு தாள் கொண்டுவந்தார்கள். எழுதினேன். தலையாரி வந்து சொன்னதை, நான் கேட்காததை, நான் சொன்ன வாக்கியத்தை, கழியை, கிழமையை. மொத்தம் பதினேழு வரி. கீழே என் பெயர், உத்தியோகம், ஸ்டேஷன். அந்தத் தாள் எந்த மேலதிகாரி கைக்குப் போனாலும் அன்றே என் வேலை போகும். எட்டுப் பேருக்கும் அது தெரியும். பழனியப்பன் இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். மடித்துப் பாவாயியிடம் கொடுத்தான். நாவிதனைக் கூப்பிட ஆள் அனுப்பினான்.

காரியம் நடந்தது. மறு தை மாதம் மகளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அர்த்தநாரி எப்படிச் செத்தான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிணத்தைப் பார்த்திருந்தால் ஒரு டாக்டர் சொல்லியிருப்பார். கேஸ் கட்டில் 'கண்டுபிடிக்கப்படவில்லை' என்று எழுதி மூடியவனும் நான்தான். அந்தத் தாள் வெளியே வருமா என்று பென்ஷன் வாங்கும்வரை ஒன்பது வருஷம் பயந்தேன். வரவில்லை. அதை யாருக்கும் காட்ட வேண்டிய தேவை பாவாயிக்கு இருக்கவில்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். யாராவது வந்து ஆற்றில் பிணம் என்று சொன்னால் பேனாவைக் கீழே வையுங்கள். ஆணா, பெண்ணா, என்ன வயது, கை எப்படி இருந்தது என்று கேளுங்கள். எந்தக் கரை என்பதைக் கடைசியாகக் கேளுங்கள்.