ஏத்தத்தில் வந்த இன்ஸ்பெக்‌ஷன்

"படி எங்கம்மா?" என்று கேட்டார் பார்வையிட வந்த அரசு இன்ஜினியர்.

வள்ளூர்ப் பக்கம், கழிமுகத்துக் கரை. நாங்கள் கட்டிய படித்துறை இருந்த இடத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மேல்படி மட்டும்தான் வெளியே தெரிந்தது. கையில் மாலையும் சால்வையுமாக நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷெட்டும் காம்பவுண்டு சுவரும் கட்டிக்கொண்டிருந்தவள் நான். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கரையில் வேலை எடுக்க அந்த லைசென்ஸ் போதாது. தனியாகப் பதிய வேண்டும். எங்களிடம் வேலை பார்க்கும் இன்ஜினியர், இன்சூரன்ஸ், ஆட்களுக்கு லைஃப் ஜாக்கெட் எல்லாம் காட்டியாயிற்று. சப் கான்ட்ராக்டில் செய்த ஒரு வேலையை நேரில் காட்டுவதுதான் பாக்கி. மறுநாள் மீன் ஜெட்டி டெண்டர் மூடுகிறது. அது கிடைக்காவிட்டால் என் ஆட்களுக்கு அடுத்த வேலை இல்லை.

கான்கிரீட் போட்டதெல்லாம் வத்தத்தில்தான், அதாவது தண்ணீர் இறங்கியிருக்கும்போது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் காலண்டரில் நல்ல நேரம் பார்த்துச் சொல்லியிருந்தேன். அது சரியாக ஏத்தத்தில், தண்ணீர் ஏறி நிற்கும் வேளையில் வந்து விழுந்தது.

"ராகு காலத்த பாத்த, எமகண்டத்த பாத்த. தண்ணிய பாக்கலியேக்கா!" என்றார் மேஸ்திரி யேசுதாஸ்.

"கண்ணுக்குத் தெரியாத படிக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? எனக்கு மீட்டிங் வேற இருக்கு" என்று இன்ஜினியர் ஜீப்பைப் பார்த்தார்.

அப்போது ஒரு படகு வந்தது. மீன் விற்கும் செல்வி அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். இறால் கூடையைத் தலையில் வாங்கிக்கொண்டு, கீழே குனிந்தே பாராமல் விறுவிறுவென்று ஏறி வந்தாள்.

"இன்னா சார், வெறிக்க வெறிக்க பாத்துக்கினு கீறே? எறங்கி நடந்து பாரு. முன்னெல்லாம் பாசில வழுக்கி கூடையோட வுழுவேன். இப்ப டான்ஸே ஆடலாம்!"

இன்ஜினியர் ஷூவைக் கழற்றினார். பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, யேசுதாஸ் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். முழங்கால் நனைந்ததும் அவர் முகமே மலர்ந்துவிட்டது.

"படில வரி போட்டிருக்கீங்களா?"

"ஆமா சார். ஈரம் காயறதுக்குள்ள தொடப்பத்தால இழுத்துட்டோம்."

"நான் பாத்த படித்துறைல பாதி வழுக்கும்மா. இது நல்லா பிடிக்குது. மீட்டிங்க தள்ளிப் போடறேன். வத்தம் வரட்டும், அளந்துட்டே போறேன்."

ஏறி வந்தவர், சால்வை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கிக் கால் துடைத்தார். செல்வி அக்கா சிரித்த சிரிப்பில் படகுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சும் டீயுமாகப் பொழுது போனது. தண்ணீர் வடிய வடிய, படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசிப் படி தெரிந்ததும் யேசுதாஸ் அந்த மாலையை அதற்கே போட்டார். எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

அன்றே பதிவு கிடைத்தது. பிறகு அந்த ஜெட்டி வேலையும் எங்களுக்கே வந்தது.

பூமி பூஜைக்கு ஐயர் நேரம் குறித்துக் கொடுத்தார். அவர் எதிரிலேயே செல்வி அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, நாளையும் நேரத்தையும் சொன்னேன்.

"அக்கா, அந்நேரம் ஏத்தமா, வத்தமா?"

"ஏத்தம்டி. ஐயர நீச்சல் கத்துக்கினு வரச் சொல்லு!"

ஐயர் பஞ்சாங்கத்தை மறுபடி பிரித்தார்.