நான்காம் பக்கத்துச் சீட்டு

இயற்பியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷமாக உதவியாளராக இருப்பவளை மாணவர்கள் ‘லேப் அக்கா’ என்பார்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு விசாரணைக் குழுவில் ஆசிரியரல்லாத ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. யாரும் முன்வராததால் அதை அவள் தலையில் கட்டினார்கள். முதல் இரண்டு விசாரணைகளிலும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதுதான் அவள் செய்த வேலை. ஒரு தடவை வாயைத் திறந்தபோது, தலைவராக இருந்த பேராசிரியர், “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா” என்றார். அந்த ‘அம்மா’ ஒரு வாரம் அவளை முள்ளாகக் குத்தியது.

மூன்றாவது விசாரணைக்கான கோப்பை அவள் பேருந்தில் வரும்போதே ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். வேதியியல் செய்முறைத் தேர்வின் நடுவே ஒரு மாணவி தீ அபாய மணியை அழுத்திவிட்டாள். தேர்வு முக்கால் மணி நேரம் நின்றுபோனது. கேஸ் வாடை வந்தது என்கிறாள் மாணவி. வாடையும் இல்லை, ஒன்றும் இல்லை, கேள்விக்குப் பயந்து நாடகமாடினாள் என்கிறார் தேர்வு நடத்திய ஆசிரியர்.

விசாரணை அறையில் அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“மணி அடிச்சது நீதானே?” என்றார் தலைவர்.

“ஆமா சார், ஆனா...”

“ஆமான்னா ஆமா. அப்புறம் என்ன ஆனா?”

லேப் அக்காவுக்குச் சுருக்கென்றது. “சார், நாலாம் பக்கம் பாத்தீங்களா?”

அவர் அப்போதுதான் புரட்டினார். குழாய் பழுதுபார்ப்பவர் எழுதிய சீட்டு அது. விரிசல் விட்ட கேஸ் குழாயை மாற்றியதாக எழுதி, நேரமும் போட்டிருந்தார். மணி அடித்து இருபது நிமிஷம் கழித்து.

“இது வழக்கமா பாக்கற வேலைம்மா.”

“பரீட்சை நடுவுல, நாப்பது பிள்ளைங்களை வெளிய நிறுத்திட்டா சார்?”

மூன்றாவது உறுப்பினரான இளம் விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். 

மாணவியை வெளியே அனுப்பிவிட்டுத் தலைவர் ஒரு தாளை நகர்த்தினார். ஒரு வருஷம் நீக்கம். கீழே முந்தைய நாள் தேதி.

“விசாரணை இன்னிக்கு. தீர்ப்பு நேத்தே வந்துடுச்சா சார்?”

“டைப்பிஸ்ட் பண்ணின தப்பு.”

“தேதி மட்டும்தான் தப்பா?”

“கையெழுத்துப் போடும்மா. எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு.”

“கேட்டதும் குடுத்துட்டுப் போக அது பேனா இல்ல சார், கையெழுத்து!”

கையெழுத்துப் போடும் இடத்தில், ‘எனக்குச் சம்மதமில்லை. காரணம் நான்காம் பக்கம்’ என்று எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

வீட்டில் தையற்காரக் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

“ஆனா ஆகட்டும்! அவ மணி அடிக்கலன்னா அந்த நாப்பது பேரும்...” பாத்திரங்களை உருட்டினாள்.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீக்கம் உறுதியானது. மாணவி மேல்முறையீடு செய்தாள். அங்கே அந்தப் பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், தண்டனை ரத்தானது. கடிதத்தோடு அவள் சிரித்துக்கொண்டே ஆய்வகத்துக்கு ஓடி வந்தாள். லேப் அக்கா வாங்கிப் படித்தாள். ‘எதிர்காலத்தைக் கருதி மன்னிக்கப்படுகிறார்’ என்றிருந்தது.

“மன்னிப்பா? யாரு யாரை மன்னிக்கறது?”

“விடுங்கக்கா. பரீட்சை எழுத விட்டாங்களே, அதுவே போதும்.”

“நீ விட்டுடு. நான் விடமாட்டேன்.”

அடுத்த பருவத்தில் குழுவில் அவள் பெயர் இல்லை. ‘மன்னிக்கப்படுகிறார்’ என்ற அந்த ஒரு சொல்லை நீக்கச் சொல்லி அவள் கொடுத்த மனுவுக்குப் பதிலும் இல்லை. திங்கட்கிழமைதோறும் பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றாள்.

“கோப்பு மேல போயிருக்குக்கா” என்றான் குமாஸ்தா, ஐந்தாவது வாரமும்.

“மேலன்னா எந்த மாடி?”

“மூணாவது” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் அவள் பாதிப் படி ஏறியிருந்தாள்.