துருசில்லாத குளம்

நாலு பேருக்கு முன்னால் சொல்லக் கூசுகிற விஷயம் ஒன்று: குளங்களுக்குப் பஞ்சமில்லாத வன்னியில், போன வருசம் நானும் ஒரு குளம் கட்டினேன். அதற்குக் கட்டும் இல்லை, தண்ணீர் திறந்துவிடுகிற துருசும் இல்லை, ஒரு சிரட்டைத் தண்ணீரும் இல்லை. கணினிக்காரர் அதைத் தரவு ஏரி என்பார்கள். ஏரி என்றால் எங்கள் வட்டக்கச்சிப் பக்கத்தில் எடுபடாது என்று நினைத்து, தரவுக்குளம் என்று பெயர் வைத்தேன். முதல் பிழை அதுதான். குளத்தைக் கரைத்துக் குடித்தவர்களிடம் போய்க் குளம் என்று சொல்லக்கூடாது.

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவன் நான். தகப்பன் விட்டுப்போன இரண்டு ஏக்கர் வயலையும் பார்க்கிறேன். அதாவது வரம்பில் நின்று பார்க்கிறேன். விதைக்கிறது, வெட்டுகிறது எல்லாம் வேறு ஆட்கள். எழுத வாசிக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது என்ற தகுதியில் என்னை ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குச் செயலாளராக்கினார்கள்.

வழக்கமான கணினிப் பதிவு நெல்லுக் களஞ்சியம் மாதிரி. ஈரம் பார்த்து, பதர் தூற்றி, நிறுத்துத்தான் உள்ளே எடுக்கும். தரவுக்குளம் அப்படி முகம் சுளிக்காது. எதையும் வந்தபடியே கொட்டலாம். தரம் பிரிக்கிற வேலையைக் கேள்வி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சோம்பேறிக்கு இதைவிட இனிய தத்துவம் கிடைக்குமா? துருசு திறக்கிறவரின் கொப்பி, மணிக்கு மணி குளத்து நீர்மட்டம், மழைக்கணக்கு, எங்கள் வட்ஸ்அப் குழுவின் செய்திகள் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் குழுவில் தண்ணீர்க் கதையோடு பிறந்தநாள் வாழ்த்தும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற வான் வண்டியில் இடமிருக்கா என்ற விசாரிப்பும் கலந்திருக்கும். அவையும் உள்ளே போயின.

அமைப்பின் தலைவர் மட்டும் ஒருநாள் கேட்டார்:

"கொட்டுறது சரி தம்பி. அள்ளுறது எப்பிடி?"

"அதை அந்த நேரம் யோசிக்கலாம் அண்ணை."

அந்த நேரம், கோடை விதைப்பான சிறுபோகத்துக்கு நடந்த கூட்டத்தில் வந்தது. பொதுநோக்கு மண்டபத்தில் கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். மழை குறைவு, குளத்தில் தண்ணீரும் குறைவு. ஆகவே எங்கள் வாய்க்காலுக்குத் துருசு திறக்கிற ஒவ்வொரு முறைக்கும் ஐந்து நாள்தான் தண்ணீர் விடலாம் என்று பேச்சு வந்தது. துருசுக்குக் கிட்டவே வயல் வைத்திருக்கிற ஒருவர், வாய்க்காலிலும் நீளமான வாய்க்காரர், உடனே எழுந்தார்.

"அஞ்சு நாள் தாராளம். எனக்கு அரை நாளிலை வயல் நிரம்புது."

"நிரம்பும் அண்ணை, ஏன் நிரம்பாது? துருசிலை இருந்து துப்பினாலே உங்கட வயலுக்கைதானே விழும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அடுத்து எழும்பியது, வாய்க்காலின் கடைக்கோடியில் இரண்டு ஏக்கர் செய்கிற அக்கா. தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பிந்தி வந்தவர்களுக்குக் கடைசிக் காணி. பேச்சு எங்கள் பேச்சுத்தான். கோபம் வந்தால் மட்டும் தாயின் பேச்சு வெளியே வரும்.

"எங்கட பக்கம் தண்ணி வரவே ஆறு நாள் செல்லும். அஞ்சாம் நாள் பூட்டினா நாங்கள் வாய்க்காலைப் பாத்துக் கும்பிட்டிட்டுப் போறதே?"

நீர்ப்பாசனப் பொறியியலாளர் இளம் பெண். பேனாவை மூடாமல் கேட்டா: "ஆறு நாள் செல்லுது எண்டதுக்குப் பதிவு இருக்கோ? இருந்தா ஏழு நாள் எண்டு எழுதுறன். இல்லாட்டி கடைசி ஆறு வயலையும் இந்தப் போகத்துக்குச் சேர்க்கேலாது."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிறுபோகம் போனால் அவாவுக்கு அடுத்த விளைச்சல் மாசிக்குத்தான். அந்த இடத்தில் ஒரு வீரன் தேவைப்பட்டான். நான் எழும்பினேன்.

"பதிவு இருக்கு. ஐஞ்சு நிமிசம் தாங்கோ."

லப்டொப்பைத் திறந்து, புரொஜெக்டரை மாட்டி, கேள்வியை எழுதினேன்: போன சிறுபோகத்தின் முதல் முறையில், துருசு திறந்து எத்தனை நாளில் கடைசி வயலுக்குத் தண்ணீர் போனது? சுவரில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

சுற்றியது. இன்னும் சுற்றியது. நான் எல்லாவற்றையும் திகதிவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். கேள்வியோ வயல்வாரியாக வந்துவிட்டது. ஒரு வயலின் சங்கதியை எடுக்க, அந்தக் குளம் இரண்டு வருசத்து ஒவ்வொரு நாளையும், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் நான் போட்ட குட்டிக் குட்டிக் கோப்புகளையும் திறந்து திறந்து மூடவேண்டும். சீப்பு எங்கே என்று கேட்டதற்கு, வீட்டிலுள்ள அலுமாரி முழுவதையும் முற்றத்தில் கவிழ்த்துத் தேடுகிற மாதிரி.

தேத்தண்ணி வந்தது. வடையும் வந்தது. வட்டம் நிற்கவில்லை.

"செக்கு மாடு கூட இடைக்கிடை நிக்கும்," என்றார் தலைவர்.

"குளத்திலை தண்ணி குறைவு, அதுதான் வரேல்லை," என்றது அந்தப் பின்குரல்.

கடைசியில் வந்தது. சுவரில் பெரிய எழுத்தில் விடை, முன்னால் ஒரு கழித்தல் கோடு. பொறியியலாளர் அந்தக் கோட்டையும் சேர்த்து, பள்ளிக்கூடக் கணக்கு வாசிக்கிற குரலில் வாசித்தா:

"சய... ஐம்பத்து மூண்டு நாள்."

முதலில் விளங்கிக்கொண்டவர் துருசுக்குக் கிட்ட வயல்காரர்தான்.

"அக்கா, உங்களுக்குத் துருசே தேவையில்லை! திறக்க ஐம்பத்து மூண்டு நாள் முந்தியே தண்ணி வந்திட்டுதாம், செயலாளர் சொல்லுறார்!"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் மண்டபத்து ஓட்டிலிருந்த புறாக்கள் பறந்தன. கணக்குப் பிழையல்ல, கணினி தனக்குக் கொடுத்ததைத்தான் சொன்னது. துருசு திறந்தது சித்திரை, அதாவது ஏப்ரல், இருபத்தேழு. தண்ணீர் வந்தது வைகாசி, அதாவது மே, மூன்று. குழுச் செய்திகளை இறக்கிய என் போன் மாதத்தை முன்னுக்குப் போடுகிற சாதி. 5/3 என்று எழுதியிருந்தது. நாங்கள் நாளை முன்னுக்கு எழுதுகிற சாதி. என் குளம் அதைப் பங்குனி, அதாவது மார்ச், ஐந்து என்று நம்பி விழுங்கிவிட்டது. உள்ளே போகும்போதே ஒரு வாசல்காரன் நின்றிருந்தால், "இதென்ன திகதி?" என்று கேட்டிருப்பான். நான் வாசலே வைக்கவில்லை. இவ்வளவும் எனக்குப் பிடிபட்டது அடுத்த நாள். அந்த நேரத்தில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, அது வடை என்பதைக்கூட மறந்து நின்றேன்.

அக்காவுக்கு மலைநாடு வந்துவிட்டது.

"என்னா தம்பி இது? ஏ வயலு ஒனக்கு வெளயாட்டாப் போச்சா? நாந்தான் அந்தக் குழுவுலயே போட்டேனே!"

சட்டென்று கைப்பையிலிருந்து போனை எடுத்து, தான் குழுவில் போட்ட படங்களை மட்டும் திறந்தா. பெருவிரலால் மேலே தள்ளினா, தள்ளினா. நாலு தள்ளில் நிறுத்தினா. சேற்றுத் தண்ணீரில் நிற்கிற ஒரு பாதம். கீழே திகதியோடு 'தண்ணி வந்திட்டுது' என்று செய்தி. இரண்டாம் முறைக்கு ஒரு பாதம், மூன்றாம் முறைக்கு ஒரு பாதம். பொறியியலாளர் தன் கதிரையை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, துருசுக் கொப்பியை மடியில் விரித்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டா. ஆறு நாள். ஆறு நாள். ஆறு நாள்.

இந்த மூன்று செய்தியும் என் குளத்திலும் இருந்தன. என்னாலேயே எடுக்கமுடியாதபடி அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்.

வாய்க்காரர் விடவில்லை. "காலைப் பாத்து ஆரின்ரை கால் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"மெட்டி தெரியுதெல்லே? உங்கட மனுசியிட்டைக் கேளுங்கோ. அவாதான் எனக்குப் பாத்து வாங்கித் தந்தவா," என்றா அக்கா.

அடுத்த சிரிப்பு அவருக்கு விழுந்தது. அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏழு நாள் எழுதுங்கோ பிள்ளை. வயிறு நோகுது, இனிச் சண்டை பிடிக்க ஏலாது," என்றார். பொறியியலாளர் எழுதினா. ஆறு வயலும் சேர்ந்தன. அக்கா எனக்கு இன்னொரு வடை தரச்சொல்லிச் சைகை காட்டினா. அவ்வளவு பெரிய மனம்.

முதல் முறைத் தண்ணீர் கடைக்கோடிக்கு வருகிற நாளில் நானும் போனேன். ஆறு வயற்காரரும் குடும்பத்தோடு வரம்பில் நின்றார்கள். யாரோ போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார்கள். தூரத்தில் கொக்குகள் எழும்பின. பிறகு வைக்கோல் துண்டையும் நுரையையும் காய்ந்த சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் வளைந்து வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். எனக்கும் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் இந்தத் தடவை நேரத்தைப் பிழையில்லாமல் பதியவேண்டுமே! சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் குதித்து, அக்காவின் வயல் வாய்க்கு நேரே காலை அகட்டி நின்று, போனை நீட்டினேன்.

"அக்கா, சரியா எத்தினை மணி எண்டு போடட்டும்?"

அவா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையும் என் காலையும் பார்த்தா.

"நீங்கள் முதல் மேலை ஏறுங்கோ தம்பி. உங்கட கால் மறிச்சு நிக்கிறதாலைதான் தண்ணி இன்னும் வயலுக்கை வரேல்லை."